பட்டமும் பொறுப்பும்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரியும் வயலுமாகவே இருந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் பெரியதொரு கார்த் தொழிற்சாலை எழுந்தது. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்தும் ஆற்காட்டுப் பகுதியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம் குடும்பங்கள் பல இன்று அங்கே வாடகை வீடுகளில் வாழ்கின்றன. ஆண்கள் மூன்று ஷிப்டுகளில் மாறி மாறி உழைக்கின்றனர். பிள்ளைகளோ தந்தையர் தொட்டறியாத படிப்புகளைத் தொட்டுப் பார்க்கின்றனர்.

மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, அப்பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் மஃரிபுத் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் ஓதிய ஒருவர் தம் மகளுடன் வந்து ஸலாம் கூறினார். உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் பிரஸ் இயந்திரம் ஓட்டுபவர் அவர்.

"ஹஜ்ரத், ஒரு மஷ்வரா வேணும். பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். மார்க் எட்டல. அரசு யூனானிக் கல்லூரியில இடம் கிடைக்கும்போல இருக்கு. அமெரிக்காவில இருக்கிற எங்க அண்ணன் மகனுக்கும் ஆஸ்டியோபதின்னு ஒரு கல்லூரியிலதான் இடமாம். ரெண்டும் முழு டாக்டர் படிப்புத்தானா? இல்ல, ரெண்டுமே அரை டாக்டர் படிப்பா?" என்றார்.

நான் விடை கூறுமுன் அவரே தொடர்ந்தார்: "யூனானி முடிச்சுட்டு இங்கிலீஷ் மருந்து எழுதிக்கிட்டாப் போச்சு. தெருவுக்குத் தெரு அப்படித்தானே நடக்குது, ஹஜ்ரத்?"

மகள் தலை குனிந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை.

முதற்கேள்விக்கு வரலாறு விடை தரும். பின்னர் அவர் கூறிய அச்சிறு சொல்லுக்கோ மார்க்கமே விடை தர வேண்டும். அன்றிரவு அவரிடம் கூறியவற்றையும், அப்போது கூற நேரமில்லாது போனவற்றையும் இங்கே எழுதுகின்றேன். இவ்வினா அவர் வீட்டு வினா மட்டுமன்று.

பெயர்களின் வரலாறு

'யூனான்' என்பது அரபு மொழியில் கிரேக்க நாட்டின் பெயர். புக்ராத், ஜாலீனூஸ் ஆகிய கிரேக்க மருத்துவர்களின் நூல்களை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறித்தவ அறிஞரும் அவருடைய குழுவினரும் பக்தாதில் அரபு மொழியில் பெயர்த்தனர். அந்த அறிவை முஸ்லிம் மருத்துவர்கள் வளர்த்தனர்; வளர்த்தபோது திருத்தவும் செய்தனர். அபூபக்ர் அர்ராஸி, ஜாலீனூஸின் மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலீனூஸ் கூறியிருந்தார். எகிப்தில் மண்ணுக்கு மேல் கிடந்த எலும்புக்கூடுகளைத் தம் கண்ணால் ஆராய்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, அது ஒரே எலும்புதான் என்று துணிந்து எழுதினார். இதயத்தின் வலப்பக்கத்துக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கின்றது என்பதை 1288இல் மறைந்த இப்னுந் நஃபீஸ் விளக்கினார். ஆசானை மதிப்பதும், கண்ணால் கண்ட உண்மையை ஆசானுக்காக மறைக்காதிருப்பதும் இம்மரபின் இரு கண்கள். ஆகவே யூனானியை நேசிப்பவர் நவீன மருத்துவத்தைப் பகைக்க வேண்டியதில்லை.

'அலோபதி' என்ற பெயரை அம்மருத்துவத்தார் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. ஹோமியோபதியின் தந்தையான ஹானிமன், தம் எதிர்த் தரப்பாரைச் சுட்டுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்ட பெயர் அது. நம் மக்கள் அதனை இங்கிலீஷ் வைத்தியம் என்றனர்.

'ஆஸ்டியோபதி' அமெரிக்காவில் பிறந்தது. அந்நாட்டின் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1864இல் தம் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அக்காலத்து மருந்துகளில் அவருக்கிருந்த நம்பிக்கை உடைந்தது. உடலின் எலும்பும் தசையும் தம் நிலையில் சீராக அமைந்தால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்ற கொள்கையை 1874இல் அறிவித்தார். கையால் அழுத்தியும் அசைத்தும் நோய் நீக்கும் முறையைக் கற்பிக்க 1892இல் மிசௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் நகரில் கல்லூரி நிறுவினார். யூனானியில் மருந்துக்கு அப்பாற்பட்டு 'இலாஜ் பித்தத்பீர்' என்றொரு பகுதி உண்டு. உடலைத் தேய்த்துவிடும் தல்க், குருதி உறிஞ்சும் ஹிஜாமா ஆகியவை அதில் அடங்கும். ஸ்டிலின் கை வைத்தியத்தைக் கேள்வியுறும் ஹகீம் அதனை முற்றிலும் அந்நியமென எண்ணமாட்டார்.

பக்தாதில் நடந்த தேர்வு

மருத்துவர் யார் என்று முடிவு செய்யும் உரிமை எவருக்கு உண்டு என்ற கேள்வி நம் வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு மருத்துவரின் பிழையால் எளியவர் ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. அரசவை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித் தேர்ந்து, தம் கையெழுத்திட்டு அனுமதித்தவரன்றி வேறெவரும் நகரில் மருத்துவம் செய்யலாகாது என ஆணை பிறந்தது. புகழ் பெற்றவர்களும் அரசுப் பணியிலிருந்தவர்களும் நீங்கலாக, எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அத்தேர்வைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை மதரஸா நாட்களிலேயே படித்தேன், இன்றும் மறக்கவில்லை. கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் மரியாதையுடன் அமரச் செய்து, எவரிடம் கற்றீர் என வினவினார். முதியவர் பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதவும் படிக்கவும் நன்கு வராது என்பதையும், குடும்பம் இத்தொழிலால்தான் பிழைக்கின்றது என்பதையும் மறைக்காமல் கூறினார். ஸினான் சிரித்துவிட்டார். அறியாத நோயில் கை வைக்கலாகாது. குருதி வெளியேற்றவோ கடும் பேதி மருந்து கொடுக்கவோ கூடாது. எளிய நோய்களோடு நிற்க வேண்டும் என்று நிபந்தனையிட்டு அனுப்பினார். இதுநாள் வரை தமது வழியும் அதுவே என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். அந்த முதியவரிடம் கற்ற அவருடைய மகன். அவருக்கும் அதே நிபந்தனையே விதிக்கப்பட்டது.

இதை நகைச்சுவையாகக் கூறுவோர் உண்டு. எனக்கு அதிலுள்ள எல்லைக்கோடே பெரிதாகப் படுகின்றது. இஜாஸத் என்பது கதவைத் திறந்துவிடுவது மட்டுமன்று. எந்த அறைக்குள் நுழையலாகாது என்று காட்டுவதும் அதுவே.

சென்னையில் எழுந்த கேள்வி

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1835இல் சென்னையில் மேனாட்டு மருத்துவப் பள்ளி தோன்றியது. பின்னர் அதுவே சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் பெரும்பான்மை மக்களின் நோய்க்கு ஹகீமும் சித்த வைத்தியரும் ஆயுர்வேதியருமே துணையாயிருந்தனர். 1914இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேனாட்டு முறையில் பயின்றவர்களே பதிவேட்டில் ஏறினர். மற்றவர்களின் தொழிலைச் சட்டம் தடுக்கவில்லை; ஆனால் அரசின் கண்களில் அவர்கள் மருத்துவரல்லர் என்ற நிலை உண்டாயிற்று. நாட்டு மருந்துகளை ஆராய 1918இல் டாக்டர் கோமன் அமர்த்தப்பட்டார். அவருடைய முடிவுகள் நாட்டு வைத்தியர்களிடையே பெருங்கொந்தளிப்பை எழுப்பின.

இந்நிலையில் நீதிக்கட்சி அரசு 1921 அக்டோபரில் நாட்டு மருத்துவ முறைகளை ஆராயக் குழுவொன்றை நியமித்தது. அதன் தலைவர் தஞ்சையில் பிறந்த முஹம்மது உஸ்மான் ஸாஹிப். பின்னாளில் சர் பட்டம் பெற்று, 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கிய அப்பெருமகனாரின் பெயரையே தியாகராய நகரின் உஸ்மான் சாலை தாங்கி நிற்கின்றது. அங்கே துணிக்கடைகளுக்கு ஏறி இறங்கும் நம்மவருள் எத்தனை பேர் இதனை அறிவர்? குழுவின் செயலாளர் கேப்டன் சீனிவாசமூர்த்தி, மேனாட்டு மருத்துவம் பயின்றவர். குழு நாடெங்கும் வினாக்களை அனுப்பியது. ஆங்கிலத்தில் மட்டுமின்றி வடமொழி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், உருது ஆகிய மொழிகளிலும் விடைகள் வந்து குவிந்தன. ஆங்கிலம் அறியாத ஹகீமின் சொல்லும் அரசு ஆவணத்தில் ஏறிற்று. நாட்டு மருத்துவ முறைகள் அறிவியல் அடிப்படை உடையவை. அவற்றுக்கு அரசின் ஆதரவும் கல்விக்கூடமும் பதிவும் வேண்டும் என்பது 1923இல் வெளிவந்த அறிக்கையின் சாரம்.

அதன் பயனாக, பனகல் அரசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1924-25இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி உருவாயிற்று. சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார். ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றுக்கும் பிரிவுகள் அமைந்தன. அவற்றோடு நவீன உடற்கூறும் உடலியக்கமும் அறுவை மருத்துவமும் கற்பிக்கப்பட்டன. எல்.ஐ.எம். என்ற பட்டயம் வழங்கப்பட்டது. இரு கடல்களும் ஒன்று சேரும் இடம் என்றே அன்று பலரும் அதனைக் கருதினர்.

கலந்த கடல் என்ன ஆயிற்று? 1940களின் பிற்பகுதியில் பள்ளி, கல்லூரியாக உயர்ந்தது. ஆனால் நாட்டின் காற்று வேறு திசையில் வீசிற்று. 1946இல் வந்த போர் குழுவின் அறிக்கை, நாடு முழுமைக்கும் ஒரே தரத்து நவீன மருத்துவர் என்ற இலக்கை வகுத்தது. 1948இல் வந்த சோப்ரா குழுவின் அறிக்கை, எல்லா முறைகளையும் ஒன்றாக இணைக்கலாம் என்றது. இணைப்புக் கல்வி பெற்றவர்களோ இரண்டு கரைகளுக்கும் நடுவே நின்றனர். சம்பளமும் பதவியும் மரியாதையும் எம்.பி.பி.எஸ். பட்டத்தின் பின்னே சென்றன. தங்கள் கல்லூரியை நவீன மருத்துவக் கல்லூரியாக மாற்ற வேண்டுமென நாட்டின் பல இடங்களில் இணைப்புக் கல்லூரி மாணவர்களே போராடினர். தூய முறை வேண்டுமென மரபறிஞர்கள் மறுபுறம் முழங்கினர். 1960இல் கீழ்ப்பாக்கத்து நிறுவனம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாயிற்று. யூனானியும் சித்தமும் கற்பிக்க எழுந்த இடத்தில் எம்.பி.பி.எஸ். படிப்பு நடந்தது, இன்றும் நடக்கின்றது.

சித்த மருத்துவத்துக்கு 1964இல் பாளையங்கோட்டையில் அரசு தனிக் கல்லூரி தந்தது. யூனானி 1979 வரை காத்திருந்தது. அவ்வாண்டுதான் அரும்பாக்கத்தில், அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில், அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. இதற்கிடையே 1970இல் வந்த நடுவணரசின் சட்டம், இம்முறைகளுக்கென்று தனிப் பாடத்திட்டமும் தனிப் பதிவும் வகுத்தது. 2021இல் புதிய ஆணையம் அப்பொறுப்பை ஏற்றது.

அமெரிக்காவில் நடந்தது

இதே கேள்வியை அமெரிக்கா வேறு வகையில் எதிர்கொண்டது. ஸ்டிலின் கல்லூரி தொடக்கத்தில் மருந்தை ஒதுக்கியது. நாளடைவில் அக்கல்லூரிகள் மருந்தியலையும் அறுவையையும் தாமாகவே பாடத்தில் சேர்த்தன. 1910இல் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை நாட்டின் மருத்துவக் கல்லூரிகளைத் தணிக்கை செய்தபோது, ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகக் கண்டித்தது. குறை கூறியவரை வைதுகொண்டிராமல் அவர்கள் பாடத்தையும் மருத்துவமனைகளையும் வளர்த்தனர்.

எனினும் சோதனை வந்தது. 1961இல் கலிபோர்னியா மாநிலத்தில் இரு தரப்புச் சங்கங்களும் இணைய உடன்பட்டன. அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரி நவீன மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்டியோபதி மருத்துவர்கள் 65 டாலர் கட்டணம் செலுத்தி, டி.ஓ. என்ற எழுத்துகளுக்குப் பதிலாக எம்.டி. என்ற எழுத்துகளைப் பெற்றனர். புதிய ஆஸ்டியோபதியருக்கு உரிமம் வழங்குவது 1962இல் நிறுத்தப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் 1960இல் நடந்ததற்கும் இதற்கும் இரண்டே ஆண்டு இடைவெளி!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 65 டாலரில் எழுத்து மாறும் என்றால், முதல் நாள் அறியாத எதை மறுநாள் அவர் அறிந்துகொண்டார்? கல்வி முன்னரே சமமாயிருந்தது என்பதை அந்த மாற்றமே ஒப்புக்கொண்டதாயிற்று. 1974இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் ஆஸ்டியோபதியருக்கு மீண்டும் உரிமம் வழங்க வழி திறந்தது. அந்நாட்டு இராணுவம் 1966இலேயே அவர்களை மருத்துவராக ஏற்கத் துணிந்திருந்தது. 2020க்குள் இரு வகைப் பட்டதாரிகளுக்கும் மேற்பயிற்சியை அங்கீகரிக்கும் அமைப்பு ஒன்றேயாயிற்று. இன்று அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம், எந்தத் துறையிலும் நிபுணராகலாம். நவீன மருத்துவம் முழுவதையும் கற்று, அதற்கு மேலும் ஏறத்தாழ 200 மணி நேரம் கை வைத்தியம் பயில்கின்றார்.

அதே ஆஸ்டியோபதி கடல் தாண்டி இங்கிலாந்துக்குச் சென்றபோது வேறு உருக்கொண்டது. 1993இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அங்கே அவர்கள் பதிவு பெற்ற கை வைத்தியர். மருந்து எழுதும் மருத்துவரல்லர். பெயர் ஒன்று, பொறுப்பு இரண்டு. பெயரைக் கொண்டு பட்டத்தை எடைபோடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஒப்புமையும் வேற்றுமையும்

ஆகவே அத்தந்தையின் முதற்கேள்விக்கு விடை இது: அவர் அண்ணன் மகனின் படிப்பு அரைப்படிப்பன்று. அமெரிக்காவிலேயே பணியாற்றப் போகிறவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே அவர் ஆராய வேண்டியவை வேறு: டி.ஓ. மாணவருக்கு உரிமத் தேர்வு தனி. சில மேற்பயிற்சி இடங்களுக்குப் போட்டியிட விரும்புவோர் எம்.டி. மாணவர் எழுதும் தேர்வையும் சேர்த்து எழுதுகின்றனர். இரட்டைச் சுமைக்கு ஆயத்தமாக வேண்டும். பிற நாட்டில் பணியாற்ற எண்ணினால், அந்நாடு அப்பட்டத்தை எவ்வாறு ஏற்கின்றது என முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

யூனானியும் அரைப்படிப்பன்று, ஆனால் அது வேறு படிப்பு. எம்.பி.பி.எஸ்., பி.யூ.எம்.எஸ். இரண்டுக்கும் நாலரை ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் உண்டு. இரண்டுக்கும் நுழைவாயில் நீட் தேர்வே. உடற்கூறும் உடலியக்கமும் இரண்டிலும் உண்டு. ஆயினும் யூனானி மாணவர் மிஸாஜையும் அக்லாத்தையும் கற்கின்றார். மஃஜூனும் ஜவாரிஷும் ஷர்பத்தும் செய்யும் முறையைக் கற்கின்றார். அமெரிக்க ஆஸ்டியோபதியர் நவீன மருத்துவம் முழுவதிலும் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, சமநிலையை அடைந்தனர். யூனானியோ தன் மருந்தியலைத் தனியே காத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தது. அது குறையன்று. ஹகீம் அஜ்மல் கான் தில்லியில் எழுப்பி, 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பிய்யாக் கல்லூரியில்தான் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஒரு சத்தை ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகி பிரித்தெடுத்து, ஹகீமின் நினைவாக 'அஜ்மலீன்' எனப் பெயரிட்டார். தன் பொருளைத் தான் ஆராயும் யூனானிக்கு உலகம் செவிசாய்க்கும். தன் பொருளை விட்டுப் பிறர் பொருளைத் திருடும் யூனானியை உலகம் மட்டுமன்று, யூனானியே மதிக்காது.

ளாமின் என்னும் சொல்

இனி, 'இங்கிலீஷ் மருந்து எழுதிக்கிட்டாப் போச்சு' என்ற சொல்லுக்கு வருகின்றேன்.

1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஹோமியோபதி பயின்ற ஒருவர், காய்ச்சலுற்ற இளைஞருக்கு ஆங்கில மருந்துகளைக் கொடுத்து வந்தார். நோய் முற்றி இளைஞர் இறந்தார். தாம் பயிலாத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவு எனக் கூறி, இழப்பீடாக மூன்று இலட்ச ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. 1998இல் வேறொரு வழக்கில், இந்திய மருத்துவம் பயின்றவர் நவீன மருந்து எழுதலாமா என்பது அந்தந்த மாநிலத்தின் சட்டமும் ஆணையும் தரும் உரிமையைப் பொறுத்தது என விளக்கிற்று. மாநிலம் எவ்வளவு அனுமதிக்கின்றது என்பதைச் சட்டம் அறிந்தவரிடம் கேட்கலாம். ஆனால் சட்டம் அனுமதித்த இடத்திலும் ஒரு கேள்வி எஞ்சும்: கற்றிருக்கிறாயா?

இக்கேள்வியை நம் மார்க்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பிவிட்டது. மருத்துவத்தில் அறிமுகமில்லாதவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால் அவரே 'ளாமின்', அதாவது பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) 'ஸாதுல் மஆத்' நூலில் இதனை விரித்து, மருத்துவர்களை வகைப்படுத்துகின்றார். கலையறிந்தவர், நோயாளியின் இசைவோடு, முறை தவறாது செய்த சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் அவர்மீது பொறுப்பில்லை. அறியாதவர் அறிந்தவர்போல் நடித்து நோயாளியை நம்பவைத்தால் பொறுப்பு அவர் கழுத்திலேயே விழும். நோக்கம் நல்லதாயிருந்தது என்பது அவரைக் காப்பாற்றாது.

காயமுற்ற ஒருவருக்காக இரண்டு மருத்துவர்கள் அழைக்கப்பட்டபோது, உங்களில் மருத்துவத்தில் தேர்ந்தவர் யார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவியதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் ஒரு செய்தி உண்டு. குலத்தையோ பெயரையோ கேட்கவில்லை, தேர்ச்சியைக் கேட்டார்கள்.

தொழிற்பேட்டைத் தெருக்களில் இக்கேள்வியைக் கேட்பார் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து காய்ச்சலோடு வரும் வடநாட்டுத் தொழிலாளிக்குப் பெயர்ப்பலகையிலுள்ள எழுத்துகள் விளங்குவதில்லை. ஓர் ஊசி, மூன்று வேளை மாத்திரை, கையில் ரொக்கம் என்று முடிந்துவிடுகின்றது. என் உறவினர் வீட்டுச் சிறுவனுக்கே அவ்வாறு ஒருவர் நாட்கணக்கில் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார். வந்திருந்தது டெங்கு என்று பெரிய மருத்துவமனையில்தான் தெரிந்தது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளை பிழைத்தான். பலகையில் யூனானிப் பட்டம் இருந்தது. உள்ளே யூனானி மருந்து ஒன்றுகூட இல்லை. அவர் நம் மரபின் பெயரையும் கெடுத்தார். பிறர் மரபையும் கற்காமல் கையாண்டார்.

மகளின் விடை

இவ்வளவும் கேட்ட பின் நான் தந்தையை விட்டு மகளிடம் திரும்பினேன். "நீ ஏன் டாக்டராக விரும்புகிறாய், அம்மா?" என்றேன்.

அவள் முதன்முறையாக நிமிர்ந்தாள். "அத்தாகூட வேலை பார்க்கிற மாமா ஒருத்தருக்குப் பிரஸ்ல கை மாட்டிக்கிச்சு, ஹஜ்ரத். ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். அந்த டாக்டரம்மா ராத்திரி முழுக்க நின்னு விரலைக் காப்பாத்தினாங்க. அந்த மாதிரி ஆகணும்னுதான்."

யூனானியை உயிராக நேசிப்பவன் நான். இப்னு ஸீனாவின் 'கானூனை' அரபு மூலத்தில் படிக்கக்கூடிய பிள்ளை ஒருத்தி அரும்பாக்கத்துக்குப் போகிறாள் என்றால் என்னினும் மகிழ்வார் யார்? உருது அறியாத தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்கல்லூரியின் மொழி நிபந்தனை தடையாகாதிருக்க, அரபு கற்பித்து அனுப்ப வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. நாட்பட்ட மூட்டு வலி, தோல் நோய், செரிமானக் கோளாறு என்று வரும் பெண்களின் அருகமர்ந்து பொறுமையாகக் கேட்கும் ஹகீமா ஒருவர் இப்பகுதிக்கு வேண்டும் என்றும் அறிவேன். ஆயினும் அவள் விரும்பியது அதுவன்று. நசுங்கிய விரலை யூனானி ஒட்டவைக்காது. அவ்விரலுக்காக ஏங்கும் உள்ளத்தோடு யூனானி வகுப்பில் அமர்பவள், அங்கே கற்பதை அவமதிப்பாள். வெளியே வந்து கற்காததைச் செய்வாள். மஷ்வரா கேட்பவரிடம் உண்மை கூறுவதும் அமானத் அன்றோ?

"உன் நிய்யத் அதுவானால் வழியும் அதுவாகவே இருக்கட்டும்" என்றேன். தந்தையின் முகம் வாடிற்று. இன்னோர் ஆண்டு பயிற்சிக்குப் பணம் வேண்டும். மகளின் வயது ஓடும். மறுமுறையும் மதிப்பெண் எட்டாது போகலாம். இவற்றுள் எதையும் நான் மறைக்கவில்லை. தெரிந்த வழிகளை மட்டும் கூறினேன். அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020இன் சட்டம் தந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று அக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் இடங்கள் உண்டு. சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரிலும் அத்தகைய கல்லூரி இயங்குகின்றது. இந்த மூன்றாவதை ஆண்டுக்கணக்கில் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் கொடுத்துவந்த அவர் அறிந்திருக்கவே இல்லை.

நான்கு நாட்கள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். மகள் மறுபடியும் தேர்வு எழுதப் போகின்றாள். அவள் விட்ட யூனானி இடம், அதனையே நாடி நின்ற வேறொருவருக்குப் போய்ச் சேரும். அவ்விருவருக்கும் நான் துஆச் செய்கின்றேன். அவரவர் கற்றதைக் கொண்டே அடியார்களுக்குப் பணிபுரியவும், கற்காததன் முன் கையை மடக்கி நிற்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.